அரை நொடித் தாமதத்தில் தோன்றும் இன்னொருவன்

'எனிமி' படத்தின் ஆடம் பெல், டொரொண்டோவில் வரலாறு கற்பிக்கும் விரிவுரையாளர். சக ஆசிரியர் ஒருவர் சொன்னாரே என்று ஒரு படத்தை வாடகைக்கு எடுத்து வந்து, பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறார். பார்க்கும்போது எதுவும் உறுத்தவில்லை. தூக்கத்தில்தான், ஹோட்டல் பணியாளாக ஓரிரு நொடி வந்துபோன துணை நடிகனின் முகம் தன் முகம் என்பது உறைக்கிறது. எழுந்து அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்க்கிறார். சந்தேகமே இல்லை, அது அவர்தான். ஜோஸே சரமாகோ 2002இல் எழுதிய நாவலைத் தழுவி டெனி வில்நெவ் இயக்கிய இந்தப் படம் 2013இல் வந்தது. விரிவுரையாளர் ஆடமாகவும் நடிகன் ஆண்டனியாகவும் ஜேக் ஜில்லன்ஹால் நடித்தார். மஞ்சள் படிந்த நகரம், அடிக்கடி தலைகாட்டும் சிலந்தி, அதிர்ச்சியான கடைசிக் காட்சி என்று இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது உருவகங்களை அவிழ்க்கும் பேச்சாகவே இருந்திருக்கிறது. சிலந்தி எதைக் குறிக்கிறது, மனைவிக்குச் செய்யும் துரோகம் எப்படி இரண்டாவது ஆளாக உருவெடுத்தது என்ற வகையில் அந்தப் பேச்சு போகும்.

அந்த விளக்கங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் படத்தின் அச்சம் எங்கே ஊன்றி நிற்கிறது என்பதை அவை தவறவிடுகின்றன. நமக்குப் பழகிய இரட்டை வேடப் படங்களில் குழப்பம் பிறருக்குத்தான். காதலி ஏமாறுவாள், அடியாள் ஆளை மாற்றி அடிப்பான். இரட்டையரில் யாருக்கும் 'நான் யார்' என்ற ஐயம் எழுவதே இல்லை. 'எனிமி'யில் ஐயப்படுவது அந்த மனிதனே. எதிரில் நிற்பவன் தன்னைப் போல இருக்கிறான் என்பதைவிட, எதிரில் நிற்பவன் நானாக இருந்தால் இங்கே நிற்பது யார் என்ற கேள்விதான் ஆடமை இருவரும் சந்திக்கும் ஹோட்டல் அறையிலிருந்து ஓடவைக்கிறது. கற்பனையாகத் தோன்றும் இந்தக் கேள்வியை நரம்பியல் மருத்துவமனைகளில் நோயாளிகள் உண்மையாகவே கேட்டிருக்கிறார்கள். அவர்களைக் கவனித்த மருத்துவம் கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு முடிவை நோக்கி வந்திருக்கிறது: 'நான்' ஒன்று, அது இந்த உடலுக்குள் இருக்கிறது என்ற உணர்வு பிறப்போடு கிடைத்த உறுதிப்பொருள் அல்ல. மூளை ஒவ்வொரு நொடியும் பல செய்திகளைச் சேர்த்து அதை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேர்க்கையில் இடைவெளி விழுந்தால் இன்னொருவன் தோன்றுகிறான்.

முதலில் முக ஒற்றுமையை ஒதுக்கிவைத்துவிடலாம். ஒரே முகம் இரண்டு பேருக்கு இருப்பது உண்மையிலேயே நடக்கக்கூடியது, அதில் பெரிய மர்மமும் கிடையாது. கனடாவைச் சேர்ந்த ஃபிரான்ஸ்வா புருனெல் என்ற புகைப்படக் கலைஞர், உறவே இல்லாமல் ஒரே சாயலில் இருப்பவர்களைத் தேடிப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்துவருகிறார். அவர் படமெடுத்த 32 இணைகளை பார்சிலோனாவில் மனேல் எஸ்தெயெர் குழுவினர் மூன்று வெவ்வேறு முக அடையாள மென்பொருள்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். 16 இணைகளை மூன்றுமே ஒத்த முகங்கள் என்றன. 2022இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவர்களுக்கிடையே மரபணு வரிசையில் பல இடங்கள் ஒத்துப்போயின. ஆனால் வாயில் வாழும் நுண்ணுயிர்களும், மரபணுக்கள் மீது வாழ்க்கை இடும் வேதிக் குறிகளும் ஒத்துப்போகவில்லை. முகத்தை வரையும் மரபணுச் சேர்க்கைகள் எண்ணற்றவை அல்ல. பல நூறு கோடி மக்கள் வாழும் உலகில் சில சேர்க்கைகள் திரும்பவும் வந்துவிடுகின்றன. ஆனால் வாழ்ந்த வாழ்க்கை அப்படித் திரும்ப வராது. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குக்கூட கைரேகை வேறுபடும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், வில்நெவ் படத்தில் தழும்புக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் இடம் புரியும். இருவர் உடலிலும் ஒரே இடத்தில் ஒரே தழும்பு. தழும்பை எந்த மரபணுவும் எழுதுவதில்லை, அது ஒரு குறிப்பிட்ட உடலுக்கு ஒரு குறிப்பிட்ட நாளில் நேர்ந்தது. அதுவும் ஒன்றாக இருக்கும்போது 'என்னைப் போன்ற ஒருவன்' என்ற விளக்கம் உடைந்துபோகிறது. ஒரே உடலைத்தான் இரண்டு இடத்தில் பார்க்கிறோம் என்ற ஒரு வழி மட்டுமே மிஞ்சுகிறது.

ஒரே உடல் இரண்டு இடத்தில் இருப்பதை உணர்ந்த மனிதர்கள் உண்டு. சூரிச்சில் நரம்பியல் உளவியலாளர் பீட்டர் புரூகரும் சக மருத்துவர்களும் 1994இல் பதிவுசெய்த ஓர் இளைஞருக்கு வயது 21. வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தியிருந்தார். ஒரு நாள் காலையில் தலைசுற்றலோடு எழுந்து திரும்பிப் பார்த்தபோது, தானே இன்னும் படுக்கையில் கிடப்பதைக் கண்டார். படுத்திருப்பவனும் தான்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. வேலைக்கு நேரமாகிறதே, எழுந்திருக்கமாட்டேன் என்கிறானே என்று அவன் மேல் கோபம் வந்தது. கத்தினார், பிடித்து உலுக்கினார், மேலே பாய்ந்தும் பார்த்தார். அவன் அசையவில்லை. இதற்கிடையே பார்வையே இடம் மாறத் தொடங்கியது. ஒரு கணம் நிற்பவராகக் குனிந்து பார்க்கிறார், மறுகணம் படுத்திருப்பவராகத் தன் மேல் குனிந்திருப்பவனைப் பார்க்கிறார். இருவரில் தான் யார் என்பது தெரியாத திகில் தாங்கமுடியாமல், மறுபடியும் ஒருவராகிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மாடியிலிருந்து கீழே குதித்தார். புதர் ஒன்று காப்பாற்றியது. மருத்துவர்கள் அவருடைய மூளையின் இடப்புற டெம்போரல் மடலில், அதாவது காதையொட்டிய பகுதியில், ஒரு கட்டி இருப்பதைக் கண்டு அகற்றினார்கள். மருத்துவ இதழின் வறண்ட நடையில் எழுதப்பட்ட இந்த வரலாறு, இரட்டையனைப் பற்றி வந்த பல கதைகளையும் படங்களையும்விட ஆழமாகத் தைக்கிறது. அந்த இளைஞருக்கு எதிரியாக இருந்தது இன்னொரு உருவம் அல்ல. இரண்டு உருவங்களுக்கு நடுவே நிலைகொள்ளாமல் அலைந்த அவருடைய 'நான்'தான்.

தன்னைத் தானே பார்க்கும் அனுபவங்களை நரம்பியலாளர்கள் மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலாவதில், கண்ணாடியில் தெரிவது போல் எதிரே தன் உருவம் தெரியும். ஆனால் 'நான்' தன் உடலிலேயே இருக்கும், பார்ப்பது வெறும் தோற்றம் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். மூன்றாவதில் 'நான்' உடலை விட்டு மேலே போய்விடும், கீழே கிடக்கும் உடலை அது பார்க்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் சூரிச் இளைஞருக்கு நேர்ந்தது. அதில் 'நான்' எங்கே இருக்கிறது என்பது உறுதியாகாது, இங்கும் அங்குமாக மாறிக்கொண்டிருக்கும். இந்தப் பிரிவினை ஏதோ வகைப்படுத்தும் ஆசையில் செய்தது அல்ல. லூக்காஸ் ஹைட்ரிக், ஓலாஃப் பிளாங்க இருவரும் இத்தகைய நோயாளிகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகையினருக்குப் பாதிப்பு மூளையின் பின்புறத்தில், பார்வைக்குரிய பகுதியின் வலப்பக்கத்தில் இருந்தது. 'நான்' அலையும் வகையினருக்கோ அது இடப்புற இன்சுலாவின் பின்பகுதியில் இருந்தது. மூளையின் மடிப்புகளுக்குள் புதைந்திருக்கும் இன்சுலா, இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றின் நிலை, தோலின் வெப்பம் போன்ற உள்ளிருந்து வரும் செய்திகளைப் பெறும் இடம். ஆக, உருவம் இரண்டாகத் தெரிவது பார்வையின் கோளாறு, 'நான்' இரண்டாகப் பிரிவது உடலின் உள்ளுணர்வோடு தொடர்புடைய கோளாறு. 'எனிமி' சாயலைப் பற்றிய படம் அல்ல, உடைமையை, அதாவது 'இந்த உடல் என்னுடையது' என்ற உணர்வைப் பற்றிய படம் என்று நான் சொல்வதற்கு மூளையில் இப்படி ஓர் இணை இருக்கிறது.

மூளையில் பழுது விழுந்த இடத்தையும் அனுபவத்தையும் பொருத்திப் பார்ப்பது ஒரு சான்று. அந்த இடத்தைத் தொட்டு அனுபவத்தை வரவழைக்க முடிந்தால் அது அதைவிட வலுவான சான்று. 2002இல் பிளாங்கயும் சக மருத்துவர்களும் ஜெனீவாவில், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையில் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வலப்பக்க மூளையில், காதுக்கு மேலே சற்றுப் பின்னால், டெம்போரல் மடலும் பரைட்டல் மடலும் சந்திக்கும் இடத்துக்கு அருகே சிறு மின்னோட்டம் கொடுத்தார்கள். குறைந்த மின்னோட்டத்தில் படுக்கைக்குள் அமிழ்வது போலவும் உயரத்திலிருந்து விழுவது போலவும் அவருக்கு இருந்தது. மின்னோட்டத்தைக் கூட்டியபோது, தான் மேலே மிதந்துகொண்டு கீழே படுத்திருக்கும் தன்னைப் பார்ப்பதாகச் சொன்னார். தெரிந்தது கால்களும் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியும் மட்டுமே. உடலின் நிலையை உட்செவி ஒருவிதமாகச் சொல்ல, கண் வேறுவிதமாகச் சொல்ல, தொடுவுணர்வு மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல, அவற்றைச் சேர்த்து 'நீ இங்கே இருக்கிறாய்' என்று தீர்ப்பு எழுதும் இடம் அது. நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு நோயாளிக்கு இடப்பக்கத்தில் அதே சந்திப்பைத் தூண்டியபோது தோன்றியது இன்னும் விசித்திரமானது. 22 வயதுப் பெண் அவர். தன் பின்னால் யாரோ இருப்பதாகச் சொன்னார். அவர் படுத்தால் அந்த ஆளும் படுத்தான். உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் அவனும் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டான், அது அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஓர் அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது, அவன் அட்டையைப் பறிக்கப் பார்க்கிறான் என்றார். தன் உடலின் அசைவைத்தான் அந்தப் பெண் உணர்கிறார் என்பது பார்க்கிறவர்களுக்கு உடனே விளங்கும். அவருக்கு மட்டும் விளங்கவில்லை. தன் அசைவு இன்னொருவனின் அசைவாக வந்து சேர்ந்ததோடு, அதற்கு ஒரு கெட்ட நோக்கமும் கூடிவிட்டது.

இவர்கள் நோயாளிகள், ஆரோக்கியமான மூளையைப் பற்றி இவர்களை வைத்து எப்படிப் பேசலாம் என்று கேட்பது நியாயம். அதற்கான விடை சோதனைச் சாலையில் கிடைத்தது. தன்னைத் தானே கூச்சங்காட்டிக்கொள்ள முடியாது என்பது எல்லாரும் அறிந்தது. கை அசையக் கட்டளை போகும்போதே, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் தொடுகை வரும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, வரும் உணர்வை மட்டுப்படுத்திவிடுகிறது. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரும் டேனியல் வோல்பர்ட்டும் கிறிஸ் ஃபிரித்தும் நடுவே ஓர் இயந்திரக் கையை வைத்துச் சோதித்தார்கள். ஒருவர் தன் ஒரு கையால் இயந்திரத்தை அசைக்க, அது அவருடைய மற்றொரு கையைத் தடவும். இயந்திரம் உடனுக்குடன் தடவினால் கூச்சம் குறைவு. நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று தாமதப்படுத்தினால் கூச்சம் ஏறிக்கொண்டே போனது. அசைத்தவர் அவரேதான், ஆனாலும் தாமதம் கூடக் கூட அந்தத் தொடுகை அந்நியமாகிக்கொண்டு போகிறது. பிளாங்கயின் குழு லொசானில் 2014இல் இதை முழு உடலுக்கும் விரித்தது. கண்ணைக் கட்டிக்கொண்ட ஒருவர் முன்னால் இருக்கும் கம்பியைக் குத்துவதுபோல் அசைப்பார், அவருக்குப் பின்னால் உள்ள இயந்திரம் அதே அசைவை அவர் முதுகில் செய்யும். ஒரே நேரத்தில் நடந்தபோது, தன் முதுகைத் தானே தொடுவதுபோல் பலருக்கு இருந்தது. அரை நொடி தாமதித்துத் தொட்டபோது, பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்ற உணர்வு வந்தது. அச்சம் தாளாமல் சோதனையை நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. அவர்களுக்கு மூளையில் கட்டி இல்லை, வலிப்பு இல்லை. மயக்க மருந்தும் கொடுக்கப்படவில்லை. செய்த செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே அரை நொடி நுழைக்கப்பட்டது, அவ்வளவே. 'எனிமி'யில் ஆடம் தன் முகத்தைத் திரையில் பார்த்த கணத்துக்கும் அது தன் முகம் என்று உறைத்த கணத்துக்கும் நடுவே ஒரு தூக்கம் இருக்கிறது. திரைக்கதையாளர் ஹவியெர் குல்யோன் இந்தச் சோதனைகளை மனத்தில் வைத்து எழுதினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் இரட்டையன் தாமதத்தில் பிறக்கிறான் என்பதை அந்தக் காட்சி தொட்டுவிட்டது.

இந்தச் சோதனைகளின் மேல் கடுமையான ஓர் ஐயம் எழுப்பப்பட்டிருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தத் துறை முழுவதற்கும் தொடக்கம் 1998இல் மாத்யூ பாட்வினிக்கும் ஜோனதன் கோஹனும் செய்த ரப்பர் கைச் சோதனை. உங்கள் உண்மைக் கை மறைவில் இருக்கும், ஒரு ரப்பர் கை கண்முன்னே இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், சற்று நேரத்தில் ரப்பர் கை உங்கள் கையாகத் தோன்றத் தொடங்கும். 2007இல் ஹென்ரிக் எர்சனும், பிக்னா லெங்கன்ஹாகர் குழுவினரும் தனித்தனியாக இதை முழு உடலுக்குச் செய்து காட்டினார்கள். இரண்டு மீட்டர் முன்னால் தெரியும் தன் முதுகின் வீடியோ உருவம் வருடப்படுவதைப் பார்த்துக்கொண்டே தன் முதுகில் வருடலை உணர்ந்தவர்கள், பிறகு கண்ணைக் கட்டி முதலில் நின்ற இடத்துக்குத் திரும்பச் சொன்னபோது அந்த உருவத்தின் பக்கமாக நகர்ந்து நின்றார்கள். 2020இல் பீட்டர் லஷ் என்பவரும் சக ஆய்வாளர்களும், வசியத்துக்கு எளிதில் ஆட்படும் இயல்பு உள்ளவர்களே ரப்பர் கையை அதிகமாக 'உணர்கிறார்கள்' என்று காட்டினார்கள். ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து, அறியாமலே அந்த அனுபவத்தைத் தமக்குள் வரவழைத்துக்கொள்கிறார்கள் என்பது இதன் பொருள். இதில் உண்மை இருக்கிறது. வினாத்தாளில் 'ஆம், என் கைதான்' என்று குறித்ததை மட்டும் நம்பி எழுதப்பட்ட ஆய்வுகளை நாம் குறைத்து மதிப்பிடத்தான் வேண்டும். ஆனாலும் எல்லாச் சான்றும் அந்த எடையில் சரிந்துவிடவில்லை. ஜெனீவாவில் மின்னோட்டம் கொடுக்கப்பட்ட பெண்களிடம் யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை, மருத்துவர்கள் தேடிக்கொண்டிருந்தது வலிப்பின் மூலத்தை. சூரிச் இளைஞருக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. வசியம் ஆரோக்கியமானவர்களிடம் இந்த அனுபவத்தைப் பெருக்கக்கூடும். மூளையின் ஒரு குறிப்பிட்ட சந்திப்பில் பழுது விழுந்தால் இந்த அனுபவம்தான் வரும் என்பதை வசியத்தால் விளக்க முடியாது.

வேறொரு திசையிலிருந்து வரும் எதிர்ப்பு, ஆய்வாளர்களுடையதைவிட மக்களிடையே பரவலானது. உடலை விட்டு வெளியே போய்த் தன்னைப் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள், உயிர் உடலை விட்டுப் பிரிந்து பார்க்கிறது, மூளை அதற்கு ஒரு வாசல் மட்டுமே என்பது அந்த வாதம். கூடுவிட்டுக் கூடு பாய்வதைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அந்நியமானதும் அல்ல. அவர்கள் உண்மையைச் சொல்கிறார்கள் என்ற முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். அனுபவம் பொய்யல்ல. இரண்டாம் பாதிதான் சான்றோடு ஒட்டவில்லை. பிரிந்து சென்ற ஓர் உயிர் மேலிருந்து பார்த்தால் முழு உடலையும் பார்த்திருக்க வேண்டும். ஜெனீவாப் பெண்ணுக்குத் தெரிந்ததோ இடுப்புக்குக் கீழே மட்டும். மின்னோட்டத்தின் அளவுக்கு ஏற்ப அமிழ்வது, விழுவது, மிதப்பது என்று அனுபவம் படிப்படியாக மாறியது. 'நான்' அலையும் நிலையோ இந்த வாதத்துக்கு இன்னும் இடைஞ்சல். பிரிந்துபோகும் உயிர் ஒன்றென்றால் அது ஓரிடத்தில்தான் இருக்க முடியும். சூரிச் இளைஞரின் 'நான்' அப்படி ஓரிடத்தில் நிற்கவில்லை. இருக்கும் இடத்தைக் கணக்கிடும் ஓர் ஏற்பாடு, இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறியது என்று கொண்டால்தான் அது விளங்குகிறது.

இனி, படத்தை முன்வைத்தே எழுப்பக்கூடிய எதிர்ப்புக்கு வருகிறேன். இரட்டையன் மாயத்தோற்றம் என்றால் அது ஒருவருக்கு மட்டும்தானே தெரிய வேண்டும்? ஆண்டனியின் மனைவி ஹெலன் கல்லூரிக்கே போய் ஆடமிடம் பேசுகிறாள், ஆடமின் தோழி மேரி ஆண்டனியோடு காரில் போகிறாள். உண்மைதான். ஆனால் இருவரையும் ஒன்றாக மூன்றாம் ஆள் ஒருவர் பார்க்கும் காட்சி படத்தில் இல்லை. கல்லூரி வாசலில் ஆடம் கண்ணிலிருந்து மறைந்த பிறகுதான் ஹெலனின் தொலைபேசி அழைப்பைக் கணவன் எடுக்கிறான். இரண்டு ஆட்கள் என்றும் ஒரே ஆள் என்றும் படிக்க இடம் வைத்தே அந்தக் காட்சிகள் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரே மனிதனுக்குள் இரண்டு ஆளுமைகள் என்று சொல்லி இதை முடித்துவிடவும் முடியாது, ஏனென்றால் பிளவுபட்ட ஆளுமைகள் எதிரெதிரே நின்று கையைப் பொருத்திப் பார்ப்பதில்லை. படம் நெருங்கி வருவது இன்னொரு வகை நோய்க்கு. 1923இல் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் காப்கிரா விவரித்த பெண், தன் கணவரையும் பிள்ளைகளையும் எடுத்துவிட்டு அச்சாக அவர்களைப் போன்ற போலிகளை வைத்துவிட்டார்கள் என்று நம்பினார். தனக்கே போலிகள் இருப்பதாகவும் நம்பினார். முகத்தை அடையாளம் காண்பதும், அந்த முகத்தைக் கண்டதும் எழும் நெருக்கமும் மூளையில் தனித்தனி வழிகளில் ஓடுகின்றன, இரண்டாவது அறுந்தால் 'முகம் அதுதான், ஆள் வேறு' என்ற முடிவுக்கு மனம் வந்துவிடுகிறது என்று 1990இல் ஹேடன் எல்லிஸும் ஆண்ட்ரூ யங்கும் முன்வைத்தார்கள். பிற்பாடு நடந்த சோதனைகளில், இத்தகைய நோயாளிகளுக்குத் தெரிந்த முகத்தைப் பார்க்கும்போதும் மற்றவர்களுக்குத் தோலின் வியர்வையில் எழும் சிறு ஏற்றம் வரவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் ஆய்வு செய்யும் வி. எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனுடன் சேர்ந்து 1997இல் எழுதிய ஆய்வில் வரும் இளைஞர் விபத்தில் தலையில் அடிபட்டவர். நேரில் வரும் அப்பா போலி என்பார், அதே அப்பா தொலைபேசியில் பேசினால் சந்தேகமே வராது, ஏனென்றால் காதின் வழி அறுபடவில்லை. காலப்போக்கில் அவருடைய ஐயம் தன் மீதே திரும்பியது. பழைய புகைப்படங்களில் இருப்பவன் வேறொருவன் என்றார். உண்மையான மகன் என்றாவது திரும்பி வந்துவிட்டால் என் மேலும் அன்பாக இருப்பாயா என்று தன் தாயிடம் கேட்டார். 'எனிமி'யில் ஒரு தாய் தன் மகனிடம், மூன்றாந்தர நடிகனாகும் கனவை விட்டுவிடு என்று சொல்லும் காட்சியில் இந்தத் துயரம் வேறு வடிவில் இருக்கிறது. எந்த மகனிடம் அவள் பேசுகிறாள் என்பது நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

படம் மருத்துவத்திலிருந்து விலகும் இடங்களும் தெளிவானவை. உண்மையான இரட்டையுருவம் நொடிகளில், நிமிடங்களில் மறைந்துவிடும். அதற்குத் தனி வீடு இருக்காது, அது வேறு பெயரில் வாழாது. ஆனால் ஒரு விஷயத்தில் படம் துல்லியமாக இருக்கிறது. அதில் வரும் இரட்டையன் ஒருபோதும் வெறும் காட்சிப்பொருளாக இருப்பதில்லை. கண்ணாடிபோல் தோன்றும் முதல் வகையினருக்குப் பெரும்பாலும் வியப்பே மிஞ்சும். 'நான்' அலையும் வகையினருக்கோ உருவத்தின் மேல் வெறுப்போ பரிவோ பொறாமையோ வந்துவிடுகிறது, உருவம் நினைப்பது தமக்குத் தெரிவதாகக்கூடச் சொல்கிறார்கள். இன்சுலா உடலின் உட்செய்திகளுக்கும் உணர்ச்சிக்கும் பொதுவான இடம் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஜேன் ஆஸ்பெல் முதலானோர் 2013இல் செய்த சோதனையில், வீடியோவில் தெரியும் உடலைச் சுற்றி ஓர் ஒளி, பார்ப்பவரின் இதயத் துடிப்போடு சேர்ந்து மினுங்கியது. அந்தச் சேர்க்கை இருந்தபோது அந்த உடலைத் தம் உடலாக உணர்வது கூடியது. தொடுகை மட்டும் அல்ல, நாம் கவனிக்கவே கவனிக்காத நெஞ்சுத் துடிப்பும் 'நான்' என்ற கணக்கில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தக் கணக்கு பிசகும்போது எழும் உணர்ச்சி வெறும் குழப்பமாக இருக்க முடியாது, உயிருக்கு ஆபத்து என்ற அளவில்தான் உடல் அதை எடுத்துக்கொள்ளும். படத்தின் பெயரை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆடமுக்கும் ஆண்டனிக்கும் இடையே சொத்துத் தகராறு இல்லை, பழைய பகை இல்லை. ஒருவன் இருப்பதே மற்றவனின் இருப்புக்கு எதிர்வாதமாகிவிடுகிறது.

இந்த அறிவு திரைப்படத்தை ரசிக்க மட்டும் உதவுவது அல்ல. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களில் கணிசமானோருக்கு, பின்னாலோ பக்கத்திலோ யாரோ இருக்கிறார்கள் என்ற உணர்வு நோயின் தொடக்கத்திலேயே வருகிறது. நடுக்கத்தைப் பற்றி மருத்துவரிடம் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம், வீட்டில் பேய் பிசாசு என்று பேச்சு கிளம்புமோ என்ற கூச்சம். அந்த முதுகைத் தொடும் இயந்திரத்தை ஜெனீவா ஆய்வாளர்கள் பார்க்கின்சன் நோயாளிகளிடம் பயன்படுத்தி 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏற்கெனவே இந்த உணர்வு உள்ளவர்களிடம், தாமதத் தொடுகை அதை மற்றவர்களைவிட எளிதாக வரவழைத்தது. 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, நோயின் ஆரம்பத்திலேயே இத்தகைய தோற்றங்கள் உள்ளவர்களுக்குச் சிந்தனைத் திறன் விரைவாகக் குறையும் வாய்ப்பு இருப்பதாகச் சொல்கிறது. அப்படியென்றால் நரம்பியல் மருத்துவர், கை நடுங்குகிறதா, நடை தடுமாறுகிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்தில் யாரோ இருப்பதுபோல் எப்போதாவது தோன்றுகிறதா என்றும் தானாகவே கேட்க வேண்டும். கேட்கும்போதே, இது மூளை தன் உடலின் செய்திகளைச் சேர்ப்பதில் ஏற்படும் தாமதம், பலருக்கும் வருவதுதான் என்று நோயாளிக்கும் உடன் வந்திருப்பவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம், சோதனை அறையில் கூடுதலாக ஒரு நிமிடம் போதும்.